மாஸ்ட்ரோவுக்குப் பாராட்டு விழா

கெட்ட செய்தி சொல்வதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. சொல்லாமல் விடுவதுதான் அது. சொல்ல வேண்டியவர் வெறுங்கையோடு போகமாட்டார். ஒரு பிஸ்கற் பெட்டியாவது கையில் இருக்கும். தேநீர் குடிப்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், பனியைத் திட்டுவார், ஊரில் யார் யார் காலமானார்கள் என்று கேட்டறிவார். எல்லாம் முடிந்து வாசலில் சப்பாத்தை மாட்டும்போது, "அப்ப, உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லைத்தானே" என்பார். மற்றவர், "ஓமோம், விளங்குது" என்பார். இரண்டு பேருடைய மரியாதைக்கும் பழுது வராது. எமில்டா இந்த முறையில் கைதேர்ந்தவள். குழம்பிப்போன சம்பந்தம், கைகூடாத வேலை, இப்படி எதுவென்றாலும் சொந்தக்காரர்கள் அவளைத்தான் தூது அனுப்புவார்கள். அந்தத் துணிவில்தான் அவள் ஒரு ஜேர்மன்காரரின் வீட்டுக்கு ஒரு பெட்டி பொரித்த றோல்ஸோடு போனாள்.

ஜேர்மன்காரரின் பெயர் ரைன்ஹோல்ட் ஹெல்விக். கனடாவில் பார்க்டேல் என்ற பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற இசைக்குழுவுக்கு அவர்தான் நடத்துநர். குழுவில் யாரும் இசையை வைத்துச் சீவித்தவர்கள் இல்லை. பல் வைத்தியர் இருந்தார், தபால்காரி இருந்தாள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஒரு கூட்டம். எமில்டாவுக்கு ஒரு வங்கியில் காசோலைகளைப் பிரித்து அடுக்கும் வேலை. மாலையில் அவள் இரண்டாம் வயலின் வரிசைக்குத் தலைமை. "என்ர மனிசி கொண்டக்டருக்குக் கீழ வேலை செய்யிறா" என்று அவளுடைய கணவர் சூசைதாசன் கலியாண வீடுகளில் சொல்லி, கேட்டவர்களை பஸ் டிப்போ வரைக்கும் யோசிக்கவிட்டுச் சிரிப்பார். பழைய பகிடிதான், ஆனாலும் மனிசன் விடமாட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் குழுவின் நிர்வாகசபை கூடியது. ஹெல்விக்குக்கு எழுபத்தைந்து வயதாகப் போகிறது. மறதி வந்துவிட்டது. மே மாதக் கச்சேரியோடு அவரை நிறுத்துவது என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். மொன்றியலில் படித்த ஓர் இளம் பெண்ணைப் புதிய நடத்துநராகப் பேசியும் ஆகிவிட்டது. இனி யார் போய் அவரிடம் சொல்வது என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எமில்டா அந்த வருடத்துத் தலைவி. யாரும் ஏற்காத பதவியை, "உங்களைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்" என்று சொல்லி அவள் தலையில் கட்டியிருந்தார்கள். நல்ல பெயர் எடுத்தால் இப்படித்தான்.

"நான் பக்குவமாகச் சொல்கிறேன்" என்று வாய் கொடுத்துவிட்டு வந்தாள். சொன்னாளே தவிர, அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஹெல்விக் அவளுக்கு யாரோ ஒருவர் இல்லை.

எண்பத்தெட்டில் அவள் கனடாவுக்கு வந்து இறங்கியபோது பார்க்டேலில் ஒரு அறைதான் வீடு. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் "கனேடிய அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். வந்து ஒரு மாதம் ஆனவளிடம் அது எப்படி இருக்கும்? துணி தோய்க்கும் கடையின் சுவரில் வயலின்காரர் தேவை என்று ஒரு விளம்பரம் கண்டாள். அவளுடைய வயலின் யாழ்ப்பாணத்திலேயே போய்விட்டது. ஒருத்தரிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனாள். ஹெல்விக் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்வரங்களை ஏற்றி இறக்கி வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். "இடது கையைக் கடவுள் தந்திருக்கிறார். வலது கையைக் கன்னியாஸ்திரிகள் கெடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்றார். அவளுக்கு வயலின் பழக்கிய கொன்வென்ற் மதர்மாரைப் பற்றி வேறு யாரும் அப்படிச் சொல்லியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். ஆனால் அந்த நாட்டில் அவளிடம் எந்த அனுபவமும் கேட்காமல் "வாருங்கள்" என்று சொன்ன முதல் மனிதர் அவர். அவள் தெருவில் நின்று அழுதாள்.

அவரும் வந்து சேர்ந்தவர்தான். ஒன்ராறியோவுக்கு அவர் முதல் வந்தது யுத்தக் கைதியாக. கம்பி வேலிக்குள்ளே கைதிகளைச் சேர்த்து ஓர் இசைக்குழு அமைத்து, அதைத்தான் முதன்முதலில் நடத்தினார். யுத்தம் முடிந்து ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே வீடும் இல்லை, வேலையும் இல்லை. ஐம்பத்திரண்டில் தானாகவே கப்பலேறித் திரும்பி வந்தார். கைதியாக இருந்தபோது கிடைத்த சாப்பாடு ஞாபகத்தில் இருந்ததாம். ஒரு கடைக்காக பியானோக்களை மாடிப்படிகளில் சுமந்தார். ஜேர்மன் சங்கத்து ஆண்களுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தார். அறுபத்தொன்றில் நகரத்தின் பெரிய இசைக்குழு ஒன்றில் நடத்துநர் காய்ச்சலில் விழ, ஒரேயொரு மாலை ஹெல்விக்கைக் கூப்பிட்டார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்த மாலையைப் பற்றி அவர் வாய் திறப்பதும் இல்லை. சில வருடங்கள் கழித்து இந்தக் குழுவைத் தொடங்கினார். முப்பது வருடமாக இதுதான் அவருடைய உத்தியோகம், குடும்பம், கோயில் எல்லாம்.

இப்படிப்பட்டவரிடம்தான் எமில்டா ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனாள். ஹெல்விக் மேசை விரிப்புப் போட்டு, தானே சுட்ட பிளம்ஸ் கேக்கை நடுவில் வைத்துக் காத்திருந்தார். அவள் கொண்டுபோன றோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டார். "மிளகு கூடிவிட்டது. கட்டுமானம் நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு கேக்கை வெட்டி அவளுடைய தட்டில் வைத்தார்.

அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது. ஒருவருடைய மேசையில் இருந்து, அவர் கையால் சுட்டதைத் தின்றுகொண்டு, "நீங்கள் இனி வேண்டாம்" என்று சொல்ல எந்த நாக்கு எழும்பும்? எமில்டாவின் நாக்கு எழும்பவில்லை. பனியைப் பற்றிக் கதைத்தாள். அவருடைய முழங்காலைப் பற்றிக் கதைத்தாள். கடைசியில் எங்கள் ஆட்களின் பெரிய ஆயுதத்தை எடுத்தாள்.

"மாஸ்ட்ரோ, குழு உங்களுக்கு ஒரு பாராட்டு விழா நடத்த விரும்புகிறது. மே மாதக் கச்சேரி முடிந்ததும். முப்பது வருடச் சேவைக்காக. மாலை போட்டு, சால்வை போர்த்தி, உரைகள் எல்லாம் நிகழ்த்தி."

யாழ்ப்பாணத்தில் யாரிடம் இதைச் சொன்னாலும் அந்தக் கணமே விளங்கியிருக்கும். அதிபருக்கோ தபாலதிபருக்கோ சேவைநலன் பாராட்டு விழா வைத்தால், கழுத்தில் மாலை விழுந்த மறுநாள் அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார். போ என்று ஒருவரும் சொல்வதில்லை. பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்தப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். பொன்னாடையோடு அடுத்த நாளும் வேலைக்கு வந்த ஒரு மனிதரை எமில்டா தன் வாழ்நாளில் கண்டதில்லை.

ஹெல்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது பெரிய மரியாதை. எனக்கு விளங்குகிறது" என்றார். எழுந்து நின்று அவளுடைய கையைக் குலுக்கினார். என்ன பெரிய மனசு என்று எமில்டாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டோர்செட் பார்க்கில் அவர்களுடைய அப்பார்ட்மென்றில் சூசைதாசன் கதவைத் திறந்தபடியே கேட்டார்.

"சொன்னனீரே?"

"சொல்லிப்போட்டன்."

"என்னெண்டு?"

"பாராட்டு விழா வைக்கப்போறம், பொன்னாடை போர்த்தப்போறம் எண்டு சொன்னன். கையைப் பிடிச்சுக் குலுக்கினாரப்பா. எதிர்த்து ஒரு சொல்லுப் பேசேல்லை."

"பாவம் மனிசன். ஆனா நல்ல வடிவாச் சொல்லியிருக்கிறீர்" என்றார் சூசைதாசன். அவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த வாரமே இந்தியக் கடைகள் இருக்கும் ஜெராட் வீதிக்குப் போய், சரிகைக் கரை வைத்த பொன்னாடை ஒன்றை வாங்கி வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு ஹெல்விக் புதுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். கோலால் மேசையைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கினார். "நிர்வாகசபைக்கு என்னில் அலுத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன். என் பிழை. சபை என்மேல் நம்பிக்கை வைத்து எனக்கு விழா எடுக்கிறது. ஆகவே நானும் பதில் மரியாதை செய்ய வேண்டும். அடுத்த பருவத்தில் நாங்கள் ஒரு பெரிய வேலை செய்யப்போகிறோம்" என்று சொல்லி, அடுத்த வருடத்துக்கான ஐந்து கச்சேரிகளையும் அடுக்கிக்கொண்டே போனார். எல்லோருடைய தலையும் எமில்டாவின் பக்கம் திரும்பியது. அவள் வயலினுக்குள்ளே புகுந்துவிடப் பார்த்தாள்.

இடைவேளையில் கோர்டன் அவளை ஓரமாகக் கூட்டிப்போனார். பல் வைத்தியர் என்று சொன்னேனே, அவர்தான் இவர். முதல் வயலின், நடத்துநருக்கு அடுத்தபடியாகக் குழுவை வழிநடத்துகிறவர்.

"நீங்கள் அவரிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன்."

"சரியாக என்ன சொன்னீர்கள்?"

"பாராட்டு விழா நடத்தப்போகிறோம் என்று சொன்னேன்."

கோர்டன் நெற்றியில் கை வைத்தார். "எமில்டா, அதை நாங்கள் பார்ட்டி என்று சொல்வோம்" என்றார்.

அதன் பிறகு அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. தொலைபேசியில் எடுத்துச் சொல்லலாம் என்று எண்ணை அழுத்துவாள். அவர் குரல் கேட்டதும் வரும் கிழமை எத்தனை மணிக்கு ஒத்திகை என்று கேட்பாள். அது மாறினதே இல்லை. ஒத்திகை முடிந்து அவரைக் காரில் கொண்டுபோய் விடும்போது சொல்லலாம் என்று நினைப்பாள். அவர் அடுத்த பருவத்துக்கு இன்னொரு சிம்பொனியைச் சேர்த்திருப்பார். சூசைதாசன், "நேர சொல்லிப்போடுமன்" என்றார். நேரே சொல்வதற்கு வாயும் பழகியிருக்க வேண்டுமே. ஐம்பது வயது வரைக்கும் பழகாத வாய் அது.

மே மாதத்துக்கு பிராம்ஸின் ஒரு சிம்பொனியை எடுத்திருந்தார்கள். அதில் தொடக்கப் பகுதி முடிகிற இடத்தில் தாளில் ஒரு தடித்த கோடும் பக்கத்தில் இரண்டு புள்ளிகளும் இருக்கும். விரும்பினால் மறுபடி முதலில் இருந்து வாசிக்கலாம். விரும்பாவிட்டால் நேரே போகலாம். நேரே போவது என்று ஹெல்விக்தான் முதல் ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கோடு வந்ததும் அவருடைய கை முதலுக்குத் திரும்பிவிடும். சொன்னதை மறந்திருப்பார். குழுவோ திரும்பாது. எல்லோரும் கோர்டனின் வில்லைப் பார்த்துக்கொண்டு நேரே போய்விடுவார்கள். ஹெல்விக் காற்றில் கொஞ்சம் தடுமாறிவிட்டு, பிறகு ஓடிவந்து ஒட்டிக்கொள்வார். இந்த ஒரு சிம்பொனியில் மட்டும் இல்லை. முந்தின இலையுதிர் காலத்திலிருந்தே அவருடைய கை சறுக்குகிற இடங்களில் எல்லாம் குழு கோர்டனைப் பார்த்தே வாசித்து வந்தது. யாரும் பேசி வைத்துச் செய்ததில்லை. கிழவரை நோகடிக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். எங்கள் ஆட்கள்தான் இப்படி என்று எமில்டா நினைத்திருந்தாள். இல்லை, வெள்ளைக்காரரும் நன்றாகவே செய்வார்கள்.

சித்திரை மாதத்து ஒத்திகை ஒன்றில் ஹெல்விக் அந்தக் கோட்டில் சட்டென்று நிறுத்தினார்.

"யார் பிழை விட்டது?"

கிளாரினெற்காரர் இருமினார்.

"கோர்டன், யார்?"

"எல்லோரும் கொஞ்சம் தடுமாறிவிட்டோம், மாஸ்ட்ரோ" என்றார் கோர்டன்.

"அப்படியானால் மறுபடியும்."

மறுபடியும் வாசித்தார்கள். கோடு வந்தது, அவருடைய கை முதலுக்குத் திரும்பியது, குழு நேரே போனது. இந்த முறை ஹெல்விக் கத்தவில்லை. குனிந்து தன் முன்னே இருந்த தாளைப் புரட்டினார். முன்னுக்கு ஒரு பக்கம், பின்னுக்கு ஒரு பக்கம். உதடு அசைந்தது. விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எமில்டா கிட்டவே இருந்தபடியால் அவருடைய முகத்தைக் கண்டாள். எத்தனையோ தரம் கோபத்தில் கண்ட முகம். அன்றைக்கு அது பயந்திருந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று அந்த மனிதர் நாற்பது பேருக்கு நடுவில் தனியே நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர்கள் நாற்பது பேரும் பதிலைத் தெரிந்துகொண்டே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"நீங்கள்தான், மாஸ்ட்ரோ. நேரே போவது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை மறந்துவிட்டீர்கள். இது இன்றைக்கு மட்டும் இல்லை. போன இலையுதிர் காலத்திலிருந்தே இப்படிப் பல இடங்களில் நடக்கிறது. நாங்கள் உங்களைப் பார்ப்பதில்லை. கோர்டனைப் பார்த்துத்தான் வாசிக்கிறோம்."

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஹெல்விக் கோலை மேசையில் வைத்தார். "இடைவேளை" என்றார்.

மண்டபத்தின் பின்னால் ஒரு சின்னச் சமையலறை. அவர் அங்கே போய்க் கோப்பி ஊற்றினார். எமில்டா பின்னாலேயே போனாள். இனி எதை ஒளிப்பது? எல்லாவற்றையும் சொன்னாள். நிர்வாகசபை கை தூக்கியதைச் சொன்னாள், மொன்றியல் பெண்ணைச் சொன்னாள், பாராட்டு விழா என்றால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பதையும் சொன்னாள்.

ஹெல்விக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் அந்தச் சனிக்கிழமை நீங்கள் என் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு என்னை வேலையிலிருந்து நீக்கினீர்கள்."

"ஓம், மாஸ்ட்ரோ."

"நான் எழுந்து நின்று கை குலுக்கினேன்."

"ஓம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் விழுந்துவிட்டது.

"எனக்கு உங்கள்மேல் கோபம். நீக்கியதற்கு இல்லை. நீக்கத்தான் வேண்டும். உங்கள் இடத்தில் இருந்தால் நான் முன்னமே செய்திருப்பேன். ஆனால் இவ்வளவு மாதமும் என்னைத் தனியே கையாட்ட விட்டீர்களே. அறுபத்தொன்றில் அந்தப் பெரிய குழுவை ஒரு மாலை நடத்தினேன், தெரியும்தானே. அன்று ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்களுடைய நடத்துநரோடு பழகினபடி வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பத்திரிகையில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் அங்கே இருக்கவே இல்லை, எமில்டா. மோசமாக வாசித்தாலும் பரவாயில்லை, என்னைப் பார்க்கிற ஒரு குழு வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். பல் வைத்தியர்களையும் தபால்காரிகளையும் தேடிப் பிடித்தேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். கடைசியில் நீங்களும்..."

அந்த மனிதருக்கு என்ன செய்துவிட்டோம் என்று எமில்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுதாள். அவர் கை துடைக்கும் துவாயை எடுத்துக் கொடுத்தார்.

இடைவேளை முடிந்ததும் ஹெல்விக் குழுவின் முன்னே வந்து நின்றார்.

"மே மாதம் எனக்குக் கடைசிக் கச்சேரி. விழா வேண்டாம், சால்வை வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பாருங்கள். நான் பிழை விட்டால் என்னோடு சேர்ந்து பிழை விடுங்கள்."

"சனம் காசு கொடுத்து வரும், மாஸ்ட்ரோ" என்றார் கோர்டன்.

"வரட்டும்."

போகும்போது கோர்டன் எமில்டாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "என்னால் அதற்குச் சம்மதிக்க முடியாது. புதியவள் அன்று முன்வரிசையில் இருப்பாள். அவர் தடுமாறினால் நான் குழுவைக் காப்பாற்றத்தான் வேண்டும்." கெட்ட மனிதர் இல்லை கோர்டன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எமில்டாவை வருத்தியது.

வீட்டில் சூசைதாசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உந்தப் பொன்னாடையை என்ன செய்யிறது?" என்றார்.

"வையுங்கோ. ஆருக்கும் ரிட்டயர்மென்ற் வராமலே போகப்போகுது?"

"அதுசரி, நீர் சபையில எழும்பி நிண்டு சொன்னனீர் எண்டுறது மெய்தானே?"

"மெய்தான்."

சூசைதாசன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "இனி வீட்டிலயும் கவனமாத்தான் இருக்கவேணும்" என்றார்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மேலே தேவாலயத்துக்குள்ளே. வெயில் நன்றாக எறித்தது. இருக்கை வாங்குகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. முன்வரிசையில் மொன்றியல் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சூசைதாசன் பின்னால் கதவோரம் கோட்டும் சூட்டுமாக இருந்தார்.

தொடக்கப் பகுதி ஓடியது. அந்தக் கோடு நெருங்க நெருங்க எமில்டா தாளை விட்டு அவருடைய கையையே பார்த்தாள். ஹெல்விக் கோட்டைத் தாண்டி நேரே போனார். குழு முழுவதும் ஒன்றாக மூச்சு விட்டது. கோர்டன்கூடத் தலையை ஆட்டினார். இனிப் பயமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்தது மெதுவான பகுதி. ஹெல்விக் கையை உயர்த்தினார். இறக்கினார். ஒத்திகையில் பழகிய வேகத்தில் பாதி வேகம்தான் அந்தக் கையில் இருந்தது. கோர்டன் பழகின வேகத்தில் தொடங்கிவிட்டார். முதல் வயலின்கள் அவரோடு போயின. எமில்டா கோலைப் பார்த்தாள். பக்கத்தில் கோர்டனின் வில் போவதும் கடைக்கண்ணில் தெரிந்தது. எந்தப் பக்கம் போவது? குழுவைக் காப்பாற்றுவது சரியான வேலை. யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். மரியாதையாக எல்லாம் முடிந்துவிடும், மாசி மாதம் கேக் தின்ற அன்று முடிந்தது போல.

அவள் ஹெல்விக்கின் கையோடு போனாள். வழக்கத்துக்கு மாறாக ஓசையைக் கூட்டி வாசித்தாள். பின்னால் இருந்த இரண்டாம் வயலின்கள் அவளோடு வந்தன. ஒரு சில நொடிகள் குழு இரண்டாகப் பிளந்து கேட்கச் சகிக்காமல் இருந்தது. முன்வரிசைப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். கோர்டன் திடுக்கிட்டு எமில்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கிற இடத்தை அவரும் பார்த்தார். அங்கே ஹெல்விக் நின்றார். கோர்டனின் வில் மெல்ல மெல்லத் தாழ்ந்து அந்த வேகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு எல்லோரும் வந்தார்கள்.

சுகமான வாசிப்பு என்று சொன்னால் பொய். அவ்வளவு மெதுவாக வாசிக்க வில்லில் நீளம் போதாது. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு மூன்று தரம் வில்லைத் திருப்ப வேண்டியிருந்தது. புல்லாங்குழல் வாசித்த தபால்காரிக்கு மூச்சு முட்டி முகம் சிவந்துவிட்டது. கொம்பு வாத்தியத்தின் ஓசை ஒரு இடத்தில் உடைந்தது. சபையில் ஆட்கள் அசைந்தார்கள், இருமினார்கள், ஒருவர் எழுந்து போனார். ஆனால் குழுவில் ஒருவர்கூடத் தாளைப் பார்க்கவில்லை. நாற்பது சோடிக் கண்களும் அந்தக் கிழவர்மேல் இருந்தன. அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார், பெயர் கூப்பிடுகிறவர் போல. அந்தப் பகுதி முடிய நெடுநேரம் எடுத்தது. எமில்டாவுக்கு அது முடியக்கூடாது என்றிருந்தது.

கச்சேரி முடிந்து கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு, கீழே அந்தச் சமையலறையில் ஹெல்விக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எமில்டா வயலினோடு வாசலில் நின்றாள்.

"அந்த மெதுவான பகுதியை வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தீர்களா?"

"இல்லை. வேகம் மறந்துவிட்டது. தொடங்கின பிறகுதான் பிழை என்று தெரிந்தது."

"திருத்தியிருக்கலாமே, மாஸ்ட்ரோ. உங்களால் முடிந்திருக்கும்."

"முடிந்திருக்கும்" என்றார் ஹெல்விக். "நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் என்னோடு வந்துகொண்டிருந்தீர்கள். பிறகு எப்படித் திருத்துவது?"

எமில்டா உள்ளே வந்து அவருக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். பனியைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ அவள் கேட்கவில்லை.

"படுமோசமாக இருந்தது" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. "இன்னும் சொல்லுங்கள்."